தெரிந்தவர் பெயர்

ஆண் ஒருவர் நாலு பெரிய மனிதர்களின் பெயரைச் சொன்னால் அவருக்குச் ‘செல்வாக்கு’ இருக்கிறது. அதே நாலு பெயரைப் பெண் ஒருத்தி சொன்னால் அவள் ‘பீத்திக்கிறா’. மேல்பட்டாம்பாக்கத்துத் திண்ணைகளில் இந்த இரண்டு சொற்களையும் ஒரே மாலையில் கேட்டு வளர்ந்தவள் நான். “எம்.எல்.ஏ. நம்ம பையன்தான், ஒரு போன் போட்டா போதும்” என்கிற மாமாவின் வாசலில் மறுநாள் காலை மனுவோடு நாலு பேர் நிற்பார்கள். “தாலுக்கா ஆபீஸ்ல இருக்கற அந்தம்மா எனக்கு ரொம்பப் பழக்கம்” என்கிற அத்தை எழுந்து உள்ளே போனதும் திண்ணையில் சிரிப்பு கிளம்பும். மாமா போட்ட போனை யாரும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அத்தைக்கு அந்தம்மாவை உண்மையிலேயே தெரியும்.

பெரிய இடத்து ஆட்களைத் தெரியும் என்று சொல்லித் தன்னை உயர்த்திக் காட்டும் பழக்கத்தை எல்லா ஊரிலும் கேலி செய்கிறார்கள். கேலிக்குத் தகுந்த பழக்கம்தான், எரிச்சலூட்டுவதும்கூட. ஆனால் அந்தக் கேலி யார் மேல் விழுகிறது, யாரைத் தொடாமல் போகிறது என்று கவனிக்க ஆரம்பித்தால் விஷயம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. இன்னொருவர் பெயரைச் சொல்லித்தான் உன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் படிவத்திலிருந்து நிலப் பத்திரம் வரை அவள் பெயருக்குப் பக்கத்திலேயே ‘த/பெ’ என்றோ ‘க/பெ’ என்றோ ஓர் இடம் காத்திருக்கும். ஆணுக்கும் தகப்பன் பெயர் கேட்பார்கள். கல்யாணமானதும் அவன் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயரைக் கேட்கும் ‘ம/பெ’ என்ற சுருக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. படிவம் கேட்டு எழுதினால் அது விவரம். வாய் திறந்து சொன்னால் அது பீத்தல்.

எங்கள் ஊரிலிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் நெய்வேலி. 1956 நவம்பரில் நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் பெயர்கள் ஒரே வரிசையில் வரும்: தன் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வந்ததைக் கவனித்த ஜம்புலிங்க முதலியார், காமராஜர், நேரு. நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்து போன கிராமங்களின் பெண்கள் அந்த வரிசையில் இல்லை. நகரியத்துக்குள்ளே, வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகளில், பெண்ணை அவள் வீட்டுக்காரரின் பதவியால் அழைப்பது வெகு சாதாரணம். ‘ஜி.எம். மேடம்’ என்றால் அவர் ஜி.எம். இல்லை, ஜி.எம்.மின் மனைவி. பொதுத்துறைக் குடியிருப்புகள் பலவற்றிலும் உள்ள வழக்கம் இது. நகரியத்துக்கு வெளியே, சுற்றுவட்டாரக் கிராமங்களில், கேள்வி வேறு மாதிரி வரும்: “உள்ள ஆளு இருக்கா?” ஒப்பந்த வேலையா, கடை வைக்க இடமா, எதற்கும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். பெயர் அங்கே சில்லறைக் காசு மாதிரி; கையில் இல்லாமல் பஸ் ஏற முடியாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். எந்தப் பேச்சை எடுத்தாலும் நெய்வேலியில் கொண்டுபோய் நிறுத்துவார். “எங்க சித்தப்பா மருமவன் என்.எல்.சி.யில பெரிய ஆபீசரு. காரு வெச்சிருக்காரு. எங்களப் பாத்தா எறங்கி வந்துதான் பேசுவாரு.” மழை பெய்தாலும் இது வரும், வெயில் அடித்தாலும் வரும். அந்த ஆபீசரின் பெயரையே தெருப் பிள்ளைகள் பெரியம்மாவுக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். மருமகளுக்கு வலி கண்ட ஒரு ராத்திரி, ஒரு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். பெரியம்மா அந்தப் பெயரைச் சொன்னார். கட்டில் கிடைத்தது. அதற்குப் பிறகு தெருவில் யார் பிரசவத்துக்குப் போனாலும் பெரியம்மா சொல்லி அனுப்புவார்: “என் பேரச் சொல்லு. அவுரு பேரச் சொல்லு. ராத்திரி ட்யூட்டியில ஒரு நர்சம்மா இருக்கும், நல்ல பொண்ணு, அது பேரச் சொல்லிக் கூப்புடு.” தெருவில் இரண்டு பெண்கள் அந்த மூன்று பெயர்களோடு போய்ப் பிள்ளை பெற்று வந்தார்கள்.

தமிழ் படிக்கும் மாணவிகளுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஆற்றுப்படைதான் இது. பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொருவனிடம் வள்ளலின் பெயரைச் சொல்கிறான். அவன் ஊர் எங்கே, எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் யார் சோறு போடுவார்கள், போனதும் என்ன கிடைக்கும் என்று சொல்கிறான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இந்த வகை. விறலியை இப்படி ஆற்றுப்படுத்தும் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ‘பெரிய மனிதரை எனக்குத் தெரியும்’ என்பதுதான் ஆற்றுப்படையின் மொத்தச் சரக்கும். இருந்தும் அதை யாரும் பீத்தல் என்று சொல்வதில்லை. பெயரோடு வழியும் சேர்ந்து வருகிறது. கேட்டவர் அங்கே போய்ச் சேரலாம். ‘அவரை எனக்குத் தெரியும்’ என்று திண்ணை மாமா சொல்லும்போது அதன் பொருள் ‘உனக்குத் தெரியாது, அதனால் என்னிடம் வா’ என்பதுதான். பெரியம்மா சொன்னபோது அது வேறு வாக்கியம்.

ஆற்றுப்படையையும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். வள்ளலிடம் கையேந்தி நிற்கிற ஏற்பாட்டை அழகாகக் காட்டுகிற வேலையையும் அது செய்திருக்கிறது. பிரசவ வலியில் இருப்பவளுக்குக் கட்டில் யாருடைய பெயரையும் சொல்லாமலே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காத உலகத்தில், கையில் இருந்த ஒரே பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் தெரு முழுவதற்கும் பங்கு போட்டார் பெரியம்மா. அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறதா என்பதுதான் என் கேள்வி.

1976இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகளை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்களாம். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்தபோது ‘நாங்கள் ஜெயித்தோம்’. தோற்றபோது ‘அவர்கள் தோற்றுவிட்டார்கள்’. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பகுதி. பேச்சுக்கு முன்னால் மாணவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்து, சிலரிடம் ‘நீ நன்றாகச் செய்யவில்லை’ என்று சொல்லிவைத்தார்கள். மட்டம் தட்டப்பட்ட அவர்கள்தான் வெற்றியைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்பதை அதிகம் சொன்னார்கள். ஒரு சின்னப் பரீட்சையில் மட்டம் தட்டப்பட்டதற்கே அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் வெளிச்சம் தேவைப்பட்டது. பிறந்ததிலிருந்து ‘பொட்டச்சிக்கு இன்னா தெரியும்’ என்று கேட்டு வளர்ந்தவள் ஓர் ஆபீசரின் பெயரைப் பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தின் உச்சமாக நினைவுக்கு வருகிறவர் ஓர் ஆண்தான். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் பாதிரியார் காலின்ஸ். தனக்கு வேலை கொடுத்த கேத்தரின் சீமாட்டியின் பெயரையும், அந்த மாளிகையின் ஜன்னல்களையும் கணப்பு அடுப்பையும் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு வேளை சாப்பிட முடியாது. ஆஸ்டின் அவரைக் கடைசி வரை விடாமல் கிண்டல் செய்கிறார். வாசகிகளாகிய நாம் சிரிக்கிறோம். ஆனால் காலின்சின் கதையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: வீடும் நிலமும் கடைசியில் அவருக்குத்தான் போகப்போகின்றன. அந்த வீட்டில் பிறந்த ஐந்து பெண்களுக்கு இல்லை. பெயர் உதிர்ப்பதால் ஆணுக்குக் கௌரவம் கொஞ்சம் குறையலாம், சொத்து குறைவதில்லை.

இதுவரை சொன்னது பெண்கள் தாங்களே சொல்லிக்கொள்ளும் பெயர்களைப் பற்றி. பெண்களைப் பற்றி நாம் எழுதும்போது சேர்க்கிற பெயர்கள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. அதற்கு வேறெங்கும் போக வேண்டாம், கடலூருக்குப் போனால் போதும்.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு நடந்தது. பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார் ஆகியோரோடு கடலூர் அஞ்சலை அம்மாளின் பெரிய கட்அவுட்டும் நின்றது. அடுத்த சில நாட்கள் ‘யார் இந்த அஞ்சலை அம்மாள்?’ என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் ஆவலோடு படித்தேன். எதை எடுத்தாலும் அதே வரி முன்னால் வந்து நின்றது: காந்தியால் ‘தென்னாட்டின் ஜான்சி ராணி’ என்று அழைக்கப்பட்டவர். அதைத் தொடர்ந்து அந்தப் பர்தா கதை. காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைச் சந்திக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து காந்தியைப் பார்த்துவிட்டார். அந்தத் துணிச்சலைக் கண்டு காந்தி அப்படி அழைத்தார் என்பது வழங்கிவரும் கதை.

நல்ல கதைதான். சினிமாவுக்கு ஏற்ற காட்சி. ஆனால் அந்தக் கதை அஞ்சலை அம்மாளை என்ன செய்கிறது பாருங்கள். ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போனதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சாகசமாகிவிடுகிறது. 1927இல் சென்னையில் கர்னல் நீல் சிலையை அகற்றக் கோரிப் போராட்டம் நடந்தது. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய அதிகாரி அந்த நீல். அந்தப் போராட்டத்தில் அஞ்சலை அம்மாள் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு போய்க் கைதானார். 1930களின் தொடக்கத்தில் கர்ப்பிணியாகவே வேலூர்ச் சிறையில் இருந்தார்; பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள்; பிள்ளை பெற்றுக்கொண்டு, கைக்குழந்தையோடு மீண்டும் உள்ளே போய் மிச்சத் தண்டனையை அனுபவித்தார். அந்தப் பிள்ளையை ‘ஜெயில் வீரன்’ என்றே அழைத்தார்கள். நிலத்தையும் வீட்டையும் விற்றுப் போராட்டத்தில் போட்டார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பச்சை உடம்புக்காரி திரும்பவும் ஜெயிலுக்குள் நடந்து போன காட்சியை முதல் வரியாக வைக்க ஏன் நமக்குக் கை வரவில்லை? அதைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கப் பெரிய மனிதர் யாரும் பக்கத்தில் இல்லை என்பதாலா?

அந்தப் பட்டத்தையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் பெயருக்கு மேல் இன்னொரு பெண்ணின் பெயர், அதற்கு மேல் அதைச் சொன்ன ஆணின் பெயர். அஞ்சலை என்ற பெயர் அடியில் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு ஓர் அஞ்சலை உண்டு. திரௌபதை அம்மன் கோயில்காரர்கள் விரும்பி வைக்கிற பெயர். அந்தப் பெயரில் ஒருத்தி இவ்வளவும் செய்தாள் என்பதைவிட, ராணி மாதிரி ஒருத்தி செய்தாள் என்றால்தான் நமக்குத் திருப்தி. மகளுக்கு நடந்தது இன்னும் துல்லியம். அம்மாக்கண்ணுவைக் காந்தி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் மாற்றினார். பின்னாளில் அவர், மார்க்சின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கிய க.ரா. ஜமதக்னியை மணந்தார். ஆக, ஒன்பது வயதில் சிறைக்குப் போன ஒரு சிறுமி இன்று ‘காந்தி பெயர் வைத்தவர்’, ‘ஜமதக்னியின் மனைவி’ என்ற இரண்டு அறிமுகங்களுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறார்.

‘காந்தி அப்படி அழைத்தது பெருமைதானே, அதைச் சொன்னால் என்ன தப்பு?’ என்று ஒரு மாணவி கேட்கலாம். சொல்லலாம். ஒரு பெண்ணுக்கு ஆண் கொடுத்த பட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் கொடுத்தவர் பெயரை விடாமல் சொல்கிறோம். அப்படியென்றால் ஓர் ஆணுக்குப் பெண்கள் கொடுத்த பட்டத்தைச் சொல்லும்போதும் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறோமா என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டு மேடைகளில் அதிகம் உச்சரிக்கப்படும் பெயர்களில் ஒன்று ‘பெரியார்’. அது பெயரல்ல, பட்டம். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில், ஈ.வெ. ராமசாமியை இனி ‘பெரியார்’ என்றே அழைப்பது என்று பெண்கள் தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். மூவலூர் இராமாமிர்தம், டாக்டர் தருமாம்பாள் போன்றவர்கள் அந்த இயக்கத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலம் அது. பட்டம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை அவர்கள். மறுநாளே மறியல் செய்து பெண்கள் சிறைக்குப் போனார்கள், அவர்களில் கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. அந்த மாநாட்டில் பேசிப் பெண்களைத் தூண்டினார் என்று பெரியார் மேலும் வழக்கு வந்தது.

காந்தி அஞ்சலைக்குக் கொடுத்தது வாய்வார்த்தையாக ஒரு பாராட்டு. பெண்கள் பெரியாருக்குக் கொடுத்தது மாநாடு கூட்டி, முன்மொழிந்து, நிறைவேற்றிய தீர்மானம். முதலாவதில் கொடுத்தவர் பெயர் தப்பாமல் வருகிறது. இரண்டாவதில், வந்தால், ‘பெண்கள் மாநாட்டில் வழங்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் வருகிறது. ஒரு நாள் மேடைகளில் ‘நீலாம்பிகை தலைமையில் பெண்கள் பெரியார் என்று அழைத்த ஈ.வெ. ராமசாமி’ என்று நீட்டி முழக்கிச் சொல்லிப் பாருங்கள், கூட்டம் எப்படி நெளியும் என்று. நம் கூட்டங்களிலேயே இன்னொன்றும் நடக்கும். பெண்கள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் முன்வரிசைத் தோழர் ஒருவர் எழுந்து, “பெரியாரே இதைப் பத்தி என்ன சொல்லியிருக்கார்னா...” என்று ஆரம்பிப்பார். பெண்கள் கொடுத்த பெயரைக் கொண்டே பெண்களின் வாயை அடைக்கிற வித்தை அது.

நீலாம்பிகையையும் நாம் தனியாக விட்டுவைக்கவில்லை. ‘மறைமலையடிகளின் மகள்’ என்றுதான் அவர் எங்கும் வருகிறார். சிறு வயதில் அப்பாவோடு பேசியபோது தனித்தமிழ் எண்ணம் எப்படிப் பிறந்தது என்ற கதையில் அவர் கேள்வி கேட்கிற குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ தொகுத்தார், ‘தனித்தமிழ்க் கட்டுரைகள்’ எழுதினார். தனித்தமிழ் வேண்டும் என்று மேடையில் பேசியவர்கள் நிறைய. எந்த வடசொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று உட்கார்ந்து அகரவரிசையில் அடுக்கியவர் அவர். அகராதி வேலை வீட்டு வேலை மாதிரி, முடிந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், விட்டுப்போனால்தான் தெரியும். இன்று ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் கல்லூரி மாணவிகள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ற பெயரைத் திட்டத்தின் தலைப்பில் பார்த்திருப்பீர்கள். 1936இல் வெளியான அவருடைய நாவலை உங்களில் எத்தனை பேர் கையில் எடுத்திருக்கிறீர்கள்? பெயரைச் சொல்வதும் பெயருக்குரியவளிடம் போய்ச் சேர்வதும் இரண்டு வேறு காரியங்கள்.

இலக்கிய உலகத்துக்கு வருகிறேன். நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். மாலை மேடையில் ஆண் எழுத்தாளர்கள் பேசுவதில் பாதி நினைவுக் குறிப்புகள்: மூத்த எழுத்தாளரின் வீட்டுக்குப் போனேன், விடிய விடியப் பேசினோம், அவர் என் கதையைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். இதற்குப் பெயர் இலக்கிய வரலாறு. ஜெயகாந்தனின் சபையைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! அங்கே போய்வந்ததே ஒரு தகுதியாகிவிட்டது. போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விடிய விடிய இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வர எந்தப் பெண்ணை அனுப்பினார்கள்? பெயர்களைச் சேகரிக்கிற இடமே பூட்டியிருக்கும்போது, பெண்ணின் நூலுக்கு வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். முதல் கவிதைத் தொகுப்பு வெளியிடும் பெண்ணுக்கு அணிந்துரை எழுதுகிறவர் பெரும்பாலும் ஓர் ஆண். ‘இந்தச் சகோதரியை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்’ என்று தொடங்கும் அது. கவிதையைப் பற்றிக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி இருக்கும்.

பெண்கள் கூடும் இடங்களில் இது நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கருத்தரங்குகளில் ‘பூவா’ என்றும் ‘ஸ்பிவாக்’ என்றும் சொல்லி எதிரே இருக்கும் மாணவியைக் குறுக வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘அம்பை என்னிடம் சொன்னார்’ என்று ஆரம்பித்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அம்பை என்ன செய்தார் என்று பாருங்கள். சி.எஸ். லட்சுமி என்ற தன் பெயரில் 1988இல் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கி, பெண்களின் குரலையும் கடிதத்தையும் படத்தையும் சேர்த்துவைத்தார். யார் வேண்டுமானாலும் தேடிப் போகக்கூடிய ஓர் இடம் அது. மும்பையில் இருக்கிற ஆற்றுப்படை என்று சொன்னால் மிகையில்லை. அவரைத் தெரியும் என்று சொல்கிறவர், அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்றும் மாணவியிடம் சேர்த்துச் சொன்னால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

வை.மு. கோதைநாயகி அம்மாளின் கதையில் எனக்குப் பிடித்த பெயர் ஒன்று இருக்கிறது. ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்ல வரும், எழுத வராது. 1924இல் வந்த ‘இந்திர மோகனா’ என்ற முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’யை வாங்கி நடத்தத் தொடங்கினார், 115 நாவல்கள் எழுதினார். கோதைநாயகியைப் பற்றிய கட்டுரைகள் காந்தியை அவர் சந்தித்ததையும், அதன் பிறகு கதர் உடுத்தியதையும், ராஜாஜியோடு மேடையேறியதையும் விரிவாகச் சொல்லும். பட்டம்மாள் அரை வரியில் வந்துபோவார். காந்தியைச் சந்திக்காமலும் அவர் நாவல் எழுதியிருப்பார். பட்டம்மாளைச் சந்திக்காமல் அந்த முதல் நாடகம் காகிதத்துக்கு வந்திருக்காது. தெரிந்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர் எது?

ஆய்வேடு எழுதும் மாணவிகள் என்னிடம் வரும்போது ஒரு சின்ன வேலை கொடுப்பேன். நீ எடுத்துக்கொண்ட பெண்ணைப் பற்றிய முதல் பத்தியை, எந்த ஆணின் பெயரும் இல்லாமல் எழுதிக்கொண்டு வா. பலர் இரண்டு வரியில் நின்றுவிடுகிறார்கள். கையிலிருக்கும் நூல்களில் அதற்கு மேல் இல்லை. தேடித்தான் போக வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அஞ்சலை அம்மாளை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: ‘1890இல் கடலூர் முதுநகரில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர். சிறையிலிருந்து பிள்ளை பெற வெளியே வந்து, பெற்ற பிள்ளையோடு திரும்பிப் போனவர். தீர்த்தாம்பாளையத்தில் தண்ணீர் இல்லாதபோது வீராணம் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்டிக்கொண்டு வரச் செய்தவர். அந்தக் கிளைக்கு அஞ்சலை வாய்க்கால் என்று பெயர்.’

வாய்க்காலைப் பற்றி இன்னும் எழுது, யார் வெட்டினார்கள், எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்று கேட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். “அப்ப காந்தி, மேடம்?” என்றாள். இரண்டாம் பத்தியில் வரட்டும் என்றேன்.